பூத்தையலும் பொறுமை என்னும் அறமும்

கடற்கரை ஊர்களில் இன்று பெண்பிள்ளைகள் விரும்பிக் கற்கும் கைத்தொழில் எது என்று எவரேனும் வினவினால், ஆரி வேலை என்னும் பூத்தையல் என்று தயங்காமல் விடை கூறிவிடலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாய் அமைந்த ஆலந்தலையும் இதற்கு விலக்கன்று. 1544-ஆம் ஆண்டில் புனித சவேரியார் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு விடுத்த மடல்களில் இடம்பெற்ற பழைய ஊர் இது. ஆண்கள் தொழிலுக்குப் போயிருக்கும் பகற்பொழுதில், முன்னறையில் மரச்சட்டத்தை நிறுத்தி, அதில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணியின் மேல் குனிந்திருக்கும் பெண்களை இங்கே காண்கிறோம். முகூர்த்த மாதங்களில் அந்தச் சட்டங்கள் இரவிலும் ஓய்வதில்லை.

பெண்பிள்ளையைத் தையல் வகுப்பில் சேர்க்கும் தாய்மாரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வர். முதலாவது, கையில் நாலு காசு வரும். இரண்டாவது, பிள்ளைக்குப் பொறுமை வரும். முதற்காரணத்தின் உண்மையை ஒரு மாத முடிவில் எண்ணிப் பார்த்துவிடலாம். இரண்டாவதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஐயத்துக்கு இடமின்றி எல்லாராலும் ஏற்கப்பட்டுவிட்டது. ஊசி பொறுமையைக் கற்பிக்கும் என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு நம்பிக்கைக் கோட்பாடாகவே ஆகிவிட்டது. மறையுரைகளிலும் இதைக் கேட்கிறோம்; பயிற்சி முடித்தோருக்குச் சான்றிதழ் வழங்கும் விழா மேடைகளிலும் கேட்கிறோம். ஆனால் ஒரு கைத்திறன் உண்மையிலேயே ஓர் அறத்தைக் கற்பிக்க வல்லதா? வல்லதெனில், அவ்வறத்தின் பயன் யாரைச் சேர்கிறது? இவ்விரு வினாக்களையும் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

முதலில் அத்தொழிலைக் கற்கும் முறையைக் காண்போம். ஆரி என்பது நுனியில் சிறு கொக்கியுடைய ஊசி. கட்ச் நாட்டில் தோல் தைக்கும் மோச்சி வகுப்பினரின் குத்தூசியிலிருந்து பிறந்தது அது. காலணியும் சேணமும் தைத்த கைகளே பின்னர் அரண்மனைப் பட்டிலும் பூவிட்டன. புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து நிறுத்துவது இங்கே நினைவுக்கு வருகிறது. இவ்விரு தொழிலுக்கும் உள்ள உறவை இளங்கோவடிகளின் காலமும் கண்டிருக்கிறது.

வேண்டிய கோலத்தை ஒரு மெல்லிய தாளில் வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசித்துளை இடுவர். அத்தாளைத் துணியின்மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால், துளைகளின் வழியே கோலம் துணியில் இறங்கும். பின்னர்த் துணியை முரசின் தோல்போல் விறைப்பாக இழுத்துச் சட்டத்தில் கட்டுவர். வலக்கை மேலே ஊசியைப் பிடித்திருக்கும். இடக்கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக் காத்திருக்கும். ஊசி இறங்கியதும் அடியிலுள்ள கை நூலைக் கொக்கியில் மாட்டவேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரல்தான் பார்க்கவேண்டும். ஊசியைச் சிறிதே திருப்பி மேலிழுத்தால் நூல் ஒரு கண்ணியாய் வெளிவரும். அடுத்த குத்தில் அக்கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணி பிறக்கும். இதுவே சங்கிலித் தையல். திருப்பும் கோணம் இம்மி பிசகினாலும் கொக்கி, நூலை விட்டுவிட்டுத் துணியின் இழையையே கவ்விக்கொண்டு வந்துவிடும். முதல் வாரத்தில் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வராமல் இருப்பதில்லை என்று கற்பிப்போர் சிரித்துக்கொண்டே சொல்வர்.

சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசிக் கண்ணியை முடிச்சிட்டுப் பூட்டாமல் விட்டால், நுனியைப் பிடித்து இழுத்தவுடன் வரிசை முழுவதும் கழன்று வந்துவிடும். அரைநாள் உழைப்பு ஒரு நொடியில் வெறும் நூலாகிவிடும். மேலும், பருத்தியில் பிரித்த தையலின் தடம் துவைத்தால் ஓரளவு மறையும். பட்டிலோ ஊசித்துளை நின்றுவிடும். எனவே இத்தொழிலில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. உடல்நலமில்லை, வெளிச்சம் போதவில்லை, பக்கத்திலிருந்தவள் பேச்சுக் கொடுத்தாள் என்பதையெல்லாம் துணி கேட்பதில்லை. கை செய்ததை அது அப்படியே காட்டிவிடும். தன் வேலையைப் பற்றித் தானே பொய் சொல்லிக்கொள்ள முடியாத நிலைமை மனிதருக்கு அரிதாகவே வாய்க்கிறது. இவ்வகையில் ஊசி நல்லதோர் ஆசானே.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கவேண்டும். அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஆறாம் பகுதியிலும், அவரைப் பின்பற்றிப் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பிலும், கலைத்திறனுக்கும் விவேகம் என்னும் அறத்துக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கின்றனர். கலை என்பது செய்யப்படும் பொருள் செம்மையாக அமைவதற்குரிய அறிவு. விவேகம் என்பது செய்பவர் செம்மையாக வாழ்வதற்குரிய அறிவு. இரண்டையும் பிரித்தறிய அவர்கள் தரும் சோதனை எளியது. தையல் கற்பிக்கும் பெண் ஒருத்தி, பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று ஒரு கண்ணியைக் கோணலாகப் போட்டுக் காட்டுகிறாள். அதனால் அவள் திறன் குறைந்ததென்று எவரும் சொல்லமாட்டார். அறியாமல் கோணலாகப் போடும் மாணவியைவிட அவளே திறனாளி. ஆனால் அறவாழ்வில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அறியாமல் கூலியைக் குறைத்துக் கொடுத்தவரைவிட, அறிந்தே குறைத்தவர்தான் கேடர். கலையில் வேண்டுமென்று செய்த பிழை தேர்ச்சிக்கு அடையாளம். அறத்தில் வேண்டுமென்று செய்த பிழை பாவம்.

ஆகவே கைத்திறன் நற்குணத்துக்குச் சான்றாகாது. மிக நுண்ணிய பூவேலை செய்யும் மாமியார் மருமகளிடம் முரட்டுத்தனமாக நடப்பதுண்டு. நீர்மட்டம் பார்த்து வலை விரித்து இரவெல்லாம் கடலில் காத்திருக்கத் தெரிந்தவரின் பொறுமை, கரைக்கு வந்தபின் வீட்டில் ஒரு சொல்லுக்குக் காத்திருப்பதில்லை என்பதை நம் பெண்கள் நன்கறிவர். சட்டத்தின் முன் உட்காரும் பொறுமை சட்டத்தோடு நின்றுவிடலாம்.

அப்படியானால் ஊசி ஒன்றையும் கற்பிப்பதில்லையா? கட்டடம் கட்டிக் கட்டியே கட்டடத் தொழிலாளி ஆவதுபோல, நீதியானவற்றைச் செய்து செய்தே மனிதர் நீதியுள்ளவராகின்றனர் என்று அதே அரிஸ்டாட்டில்தான் வேறோரிடத்தில் கூறுகிறார். பழக்கத்தின் வழியே உருவாதல் என்னும் முறை இரண்டுக்கும் பொது. பூத்தையல் கற்ற பிள்ளை, ஒரு நாளில் ஆகாதது நூறு நாளில் ஆகும் என்பதைத் தன் விரலால் அறிந்திருக்கிறாள். இவ்வறிவு சிறிதன்று. தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு நின்ற எத்தனையோ பிள்ளைகள், தமக்கும் ஒன்று வரும் என்று முதன்முதலாக நம்பியது இச்சட்டத்தின் முன்தான். ஆனால் அதற்குப் பெயர் தன்னம்பிக்கை. அதைப் பொறுமை என்று அழைப்பதில் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கத்துக்கான காரணத்தை வரலாற்றில் தேடுவோம்.

நம் தென்கோடியில் நுண்ணூசி வேலையும் பின்னல் வேலையும் பரவிய கதை வியப்பானது. 1820-களின் தொடக்கத்தில், நாகர்கோவிலில் பணியாற்றிய லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிப் பின்னும் ஐரோப்பிய வேலை அது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நடப்பில் இருந்தது. அது சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1855-இல்தான். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷனரிக் குறிப்புகள் கூறுகின்றன. நூல் ஒரு மனித உயிரை மீட்டது என்று சொன்னால் அது அணிநயமன்று, நடந்த கணக்கு.

அவ்வம்மையாரின் மகள் எலிசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தாயிடம் கற்ற தொழிலைத் தேரிக்காட்டு ஓரத்துப் பெண்களுக்கும் கற்பித்தார். தமிழுக்குக் கால்டுவெல் செய்ததைப் பேசும் நாம், அவர் மனைவி அம்மணல்வெளியில் செய்ததைப் பேசுவதில்லை. அரைநூற்றாண்டு கழித்து, 1897-இல், பெல்ஜிய நாட்டிலிருந்து அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார். அவரும் அவர்தம் சபைச் சகோதரிகளும் அநாதைச் சிறுமியரைப் பேணியதோடு, லேஸ் பின்னலையும் பூத்தையலையும் அவர்களுக்குக் கற்பித்தனர். சீர்திருத்தச் சபையினரும் கத்தோலிக்கரும் கோட்பாட்டில் கடுமையாக மோதிக்கொண்ட காலத்தில், ஊசியில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர் என்பது சிறு புன்னகையை வரவழைக்கும் செய்தி.

இவ்வளவில் கதையை நிறுத்திக்கொண்டால் மேடைப் பேச்சுக்குப் போதும். ஆனால் இதே கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நர்சாபூரிலும் லேஸ் வேலையை மிஷனரிகளே 19-ஆம் நூற்றாண்டில் பரப்பினர். நாளடைவில் அது வெளிநாட்டு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்னும் செருமானிய ஆய்வாளர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூல் நம் போன்றோர் படித்திருக்கவேண்டிய ஒன்று. பல்லாயிரம் பெண்கள் நாள் முழுதும் பின்னினர். வணிகமும் ஏற்றுமதியும் ஆண்கள் கையில் இருந்தன. அப்பெண்களை எவரும் தொழிலாளர் என்று அழைக்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வுநேரத்தில் செய்யும் வேலை என்றே அது பெயர் பெற்றிருந்தது. ஓய்வுக்கு எவரும் கூலி கேட்பாரோ? எனவே கூலி மிகச் சொற்பமாகவே நின்றது. இன்னும் உறுத்தும் செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. வெயிலில் வயல்வேலைக்குச் செல்லும் தாழ்த்தப்பட்ட பெண்களைவிடத் தாங்கள் மேலானவர் என்று வீட்டினுள் அமர்ந்து பின்னிய பெண்கள் பெருமை கொண்டிருந்தனர். உண்மையில் அவ்வயல் பெண்களே இவர்களைவிட அதிகம் ஈட்டினர். கௌரவம் என்பதையே கூலியின் ஒரு பகுதியாகக் கொடுத்து, மீதியைப் பிடித்துக்கொண்டது அவ்வணிகம்.

ஓரிடத்தில் அடிமைத்தளையை அறுத்த அதே நூல், வேறோரிடத்தில் தளையாகியது ஏன்? பெண்களின் பொறுமை இரண்டிடத்திலும் ஒன்றே. விரல்நுனியின் நுட்பமும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு, அப்பொறுமையின் விலையை யார் குறித்தார் என்பதில் இருந்தது. லக்னோவின் சிக்கன் வேலையை எடுத்துக்கொள்வோம். மெல்லிய மஸ்லின் துணியின் பின்புறத்தில் நூலை ஓட்டி, முன்புறத்தில் நிழல்போல மட்டும் தெரியச்செய்யும் பக்கியா என்னும் தையல் அதன் சிறப்பு. கையின் உழைப்பு மறுபுறம், அழகு இப்புறம். அத்தொழிலில் பெண்களுக்கும் கடைக்கும் நடுவே தரகர் பலர் நின்றனர். 1984-இல் லக்னோவில் சேவா என்னும் பெண்கள் அமைப்பு தோன்றி, தரகரை விலக்கித் தாமே விற்கத் தொடங்கியபின்தான் அப்பெண்களுட் பலர் தம் வேலையின் சந்தை விலையையே அறிந்தனர். நமக்குத் தெரிந்தவரை, அவர்கள் அதுவரை பொறுமையில் குறைந்தவராய் இருக்கவில்லை.

நம் தமிழ், 'தையல்' என்னும் ஒரே சொல்லால் ஊசித்தொழிலையும் பெண்ணையும் குறிக்கிறது. இதை எண்ணி மகிழ்வோர் பலர். ஆயினும் மோச்சிகள் ஆண்கள்; முகலாயர் தொழிற்கூடங்களில் பொன்னிழை வேலை செய்தவரும் ஆண்களே. அரசவையில் சம்பளத்துக்குச் செய்தால் கலை, அது ஆணுக்கு. வீட்டினுள் செய்தால் பொழுதுபோக்கு, அது பெண்ணுக்கு என்று உலகம் எப்படியோ பிரித்துக்கொண்டது. பொறுமை என்னும் பாராட்டுரையும் இரண்டாவது வகையினருக்கே பெரிதும் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. பொன்னிழை வேலைக்காரரின் பொறுமையை எவரும் மேடையில் புகழ்ந்து நாம் கேட்டதில்லை. அவரது கூலியைப் பற்றிப் பேரம் பேசுவர்; அவ்வளவே.

புனித தோமா பொறுமையைப் பற்றிச் சொல்வது இவ்விடத்தில் மிகப் பொருந்தும். துயரத்தால் மனம் உடைந்து பகுத்தறிவின் நன்மையைக் கைவிட்டுவிடாமல் காப்பது பொறுமை என்கிறார் அவர். அது மாண்புடையதே. ஆயினும் அறங்களுள் அது தலையாயதா என்னும் வினாவை எழுப்பி, இல்லை என்றே விடை தருகிறார். மனிதரை நேரடியாக நன்மையில் நிலைநிறுத்தும் நீதியும் விவேகமும் பொறுமைக்கு மேற்பட்டவை. துணிவுங்கூட அதற்கு மேற்பட்டதே. குருத்துவக் கல்லூரிகளில் இப்பகுதி விரைவாகக் கடந்து செல்லப்படுவதுண்டு. ஏழைகளிடம் பேசும்போது நாம் அதை அடிக்கடி நினைவிற்கொள்ளவேண்டும். நீதிக்குக் கீழே நிற்கவேண்டிய பொறுமையை நீதியின் இடத்தில் அமர்த்தினால், அது அறமாக இருப்பதை விட்டுவிட்டுப் பிறருக்கு வசதியாகிவிடும். அநீதியைப் பொறுத்துக்கொள்பவளின் பொறுமையைப் பாராட்டுபவர், அவ்வநீதியால் பயனடைபவராகவும் இருந்தால், அப்பாராட்டுக்கு என்ன பெயரிடுவது?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் இதன் இருபுறத்தையும் கண்டவர். கவனம் என்பதே செபத்தின் உட்பொருள் என்றும், கணிதப் பாடத்தில்கூட ஒரு சிறுவன் அக்கவனத்தைப் பயிலலாம் என்றும் 1942-இல் எழுதினார். அதே வெய்ல்தான் 1934, 1935-ஆம் ஆண்டுகளில் பாரீசுத் தொழிற்சாலைகளில் கூலியாளாக வேலைசெய்தார். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி குறித்து, வேகத்தை முடுக்கும் இடத்தில் மனிதரின் எண்ணமே செத்துப்போகிறது என்பதைத் தம் உடலால் அறிந்தார். பூத்தையலும் அப்படியே. தன் தங்கையின் திருமணத்துக்காக ஒருத்தி ஒரு மயிலைத் தைக்கும்போது அவள் முகத்தில் நாம் காணும் அமைதியும், நாளை விடியுமுன் நான்கு ரவிக்கை முடித்தாகவேண்டும் என்று கடைக்காரர் கெடுவிதித்தபோது அதே முகத்தில் காண்பதும் வேறு வேறு. அதே ஊசி, அதே மயில்.

கைவேலையில் ஆன்மிகம் உண்டா என்று ஐயுறுவோர் நீலகிரித் தோடர்களை நினைக்கலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமான நூலால், வரைபடம் ஏதுமின்றி இழைகளை எண்ணியே அவர்கள் பூவிடுவர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. பூவிட்ட அப்போர்வையைத்தான் அவர்கள் விழாவில் போர்த்துவர். இறந்தவரையும் அதில் சுற்றியே அனுப்புவர். மறுமைக்குச் செல்பவருக்கு வெறுந்துணி போதாது என்று கருதிய மக்கள் அவர்கள். நாம் மண்டியிட்டுக் கற்கவேண்டிய உணர்வு இது.

அவர்களிடம் இன்னொரு செய்தியும் உண்டு. மறையுரைகளில் ஓர் உவமை அடிக்கடி வரும்: நம் வாழ்வு பூத்தையல் துணியின் அடிப்புறம் போன்றது, நாம் காண்பது முடிச்சும் சிக்கலுந்தான், இறைவனோ மேற்புறத்து அழகைக் காண்கிறார் என்பது. துயரத்தில் இருப்போருக்கு இது ஆறுதல் தருவதை மறுக்கவில்லை. ஆனால் இவ்வுவமையை உருவாக்கியவர் ஊசி பிடித்தவராய் இருந்திருக்கமாட்டார். தோடர் பூவேலையில் துணியின் மறுபுறத்தில் தைத்து, சற்றே புடைத்துச் சொரசொரப்பாய் நிற்கும் பக்கத்தையே மேற்புறமாகக் கொள்வர். கருநாடகத்தின் கசூதி வேலையில் சில தையல்கள் இருபுறமும் ஒன்றுபோலவே அமையும். அடிப்புறம் என்று ஒன்றே அதற்கில்லை. நம் ஆரி வேலையிலுங்கூட, விவரம் அறிந்தவர் விலை பேசுமுன் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். பின்புறம் சிக்கலாய் இருந்தால் அது கைத்திறன் போதாத வேலை. சிக்கலான வாழ்வைக் காட்டி, மேலே எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது என்று ஏழைப் பெண்ணிடம் சொல்லும்போது, துணியைத் திருப்பிப் பார்க்கும் அவள் பழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆலயப் பணிக்குரிய பூத்தையல் பற்றியும் பேசியாகவேண்டும். திருப்பலி உடைகளிலும், பீடத் துகிலிலும், திருவிழாவில் அன்னையின் சுரூபத்துக்குச் சாத்தும் பட்டாடையிலும் பூவேலை மிளிர்கிறது. இவற்றுட் சில கடையில் வாங்கப்படுகின்றன. சில பங்கின் பெண்களால் தைத்துத் தரப்படுகின்றன. "ஆண்டவருக்குச் செய்வதுதானே, காசு வாங்கலாமா?" என்பது பழகிய பேச்சு. இப்பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. கொடுப்பதில் மகிழ்வோரை நாம் தடுக்கக்கூடாது. தொற்கா என்னும் தபித்தா இறந்தபோது, யோப்பாவின் கைம்பெண்கள் அவர் தைத்துத் தந்த உடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. ஒரு பெண்ணின் வாழ்வுக்கு இதைவிட மேலான சான்று இருக்கமுடியாது. ஆனால் தபித்தா தம் உழைப்பைத் தாமே கொடுத்தார். கைம்பெண்களிடம் கேட்டு வாங்கவில்லை. மறுக்க உரிமையுள்ளவர் தருவதே கொடை. சாமியார் கேட்டார், சபை கேட்டது, ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சித் தருவதைக் கொடை என்னலாமா?

கைம்பெண்ணின் இரு காசுகளை இயேசு பாராட்டிய நிகழ்ச்சியை இவ்விடத்தில் சிலர் மேற்கோள் காட்டுவர். மாற்கு நற்செய்தியில் அதற்கு முந்திய வரிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட செபம் செய்யும் மறைநூல் அறிஞரை அவர் கண்டித்த உடனேயே இக்கைம்பெண் வருகிறார். அவர் தம் பிழைப்புக்கு உள்ளதெல்லாம் போட்டார் என்று இயேசு சொன்னபோது, அதில் பாராட்டு மட்டும் இருந்ததா, வாங்கிக்கொண்ட பெட்டியின்மீது ஒரு குற்றச்சாட்டும் இருந்ததா? விவிலிய அறிஞர் சிலர் இரண்டும் இருந்ததாகவே கருதுகின்றனர். நமக்கும் அதுவே சரியெனப் படுகிறது. பாலைநிலத்துக் கூடாரத்துக்குப் பூவேலை செய்த ஒகோலியாபை இறைவனால் கலைத்திறன் நிரம்பப் பெற்றவர் என விடுதலைப்பயண நூல் போற்றுகிறது. அந்நூலிலேயே, மக்கள் கொண்டுவந்த காணிக்கை வேலைக்குப் போதுமானதற்கு மேலாகிவிட்டது என்று கண்டதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே நிறுத்திவிடுகிறார். போதும் என்று சொல்லத் தெரிந்த அதிகாரம் எவ்வளவு அரிது!

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற இக்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது. மூச்சடக்கி மூழ்கியவர்களின் பேத்திமார் இன்று ரவிக்கைக் கழுத்தில் நெகிழி முத்துக்களைக் கோத்துத் தைக்கின்றனர். அந்நாளில் கடலடியிலிருந்து வந்த சிப்பிக் குவியலைப் பங்கிட அரசுக்கு இவ்வளவு, குளித்தவருக்கு இவ்வளவு என்று கரையிலேயே ஒரு கணக்கு இருந்தது. அது நியாயமான கணக்காக எப்போதும் இருந்ததில்லை. ஆயினும் எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. இன்றைய முத்துக்கு அப்படிக் கண்ணெதிரில் நடக்கும் கணக்கு இல்லை. நகரத்துக் கடையில் மணப்பெண் வீட்டார் எவ்வளவு கொடுத்தனர் என்பது தைத்தவளுக்குத் தெரியாது. தைத்தவள் எத்தனை நாள் குனிந்திருந்தாள் என்பது மணப்பெண்ணுக்குத் தெரியாது.

வகுப்பு நடத்தும் பெண்களுள் ஒருவர் இதற்கு ஒரு சிறு வழி கண்டிருக்கிறார். மாணவியர் சட்டத்தின் முன் அமர்ந்ததும் நேரத்தை ஒரு நோட்டில் குறிக்கவேண்டும், எழும்போதும் குறிக்கவேண்டும். நூல், மணி, சமிக்கி, ஜரிகை எவ்வளவு செலவாயிற்று என்பதையும் எழுதவேண்டும். ஒரு ரவிக்கை முடிந்ததும் மொத்த மணிநேரத்தைக் கூட்டி, பெற்ற கூலியை அதனால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார். வகுத்து வந்த எண்ணைப் பார்த்தபின் சில பிள்ளைகள் நெடுநேரம் பேசுவதில்லையாம். சில தாய்மாருக்கு இது பிடிக்கவில்லை. காசுக்கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கலையும் வராது, பொறுமையும் வராது என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. கணக்கு மட்டும் மிஞ்சிய கைவேலை வறண்டுபோவதும் உண்மையே. எனினும் அந்நோட்டு வந்தபின் அங்கே வேலையின் நேர்த்தி குறையவில்லை என்பதே அவ்வாசிரியையின் கூற்று. கூலி குறைவென்று கண்ட ஒரு கடையின் வேலையை மட்டும் மூவர் திருப்பி அனுப்பிவிட்டனராம்.

கடலோரப் பங்கு ஒன்றில் இவ்வாண்டுத் திருவிழாவுக்கு அன்னையின் பட்டாடையைப் புதிதாகத் தைக்க எண்ணினர். வழக்கம்போலப் பெண்கள் இலவசமாகச் செய்துதருவர் என்றே எல்லாரும் இருந்தனர். அப்பெண்களுள் ஒருத்தி நோட்டுடன் வந்து, இத்தனை மணிநேரம் ஆகும், இவ்வளவு பொருள் வேண்டும், இதில் என் பங்காக இவ்வளவை நான் அன்னைக்குக் கொடுக்கிறேன், மீதிக்குக் கூலி வேண்டும் என்று எழுதித் தந்தாளாம். சீராக்கின் ஞானநூல் கைவினைஞரைப் பற்றிப் பேசுகையில், அவர்களின்றி எந்நகரமும் அமையாது, ஆயினும் மக்களின் அவையில் அவர்களை எவரும் தேடுவதில்லை என்று கூறுவது அச்செய்தியைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது. அவளது தாளைப் பற்றி முடிவெடுக்கப் பங்குப் பேரவை இருமுறை கூடியது. மதிப்பைக் குறைத்துவிட்டாள் என்றனர் சிலர். முதன்முறையாக உண்மைக் காணிக்கை எவ்வளவு என்று தெரிந்தது என்றார் முதிய மீனவர் ஒருவர். பூத்தையல் செய்பவர் எவரும் அப்பேரவையில் உறுப்பினராக இல்லை. மூன்றாம் கூட்டத்துக்கு அவளையும் அழைப்பதென்று மட்டும் இப்போது தீர்மானித்திருக்கின்றனர்.